வஸ்தாது மாமாவின் நெஞ்சு

கோர்ட்டில் நீதிபதியின் மேடைக்குக் கீழே ஒரு சின்ன மேசைமேல் அந்தக் கர்லாக்கட்டையைப் படுக்க வைத்திருந்தார்கள். கழுத்தில் சணல் கயிறு, கயிற்றில் ஓர் அட்டை. குஸ்திக்காரர்கள் தோளுக்கு மேலே சுழற்றிப் பழகும் கட்டை அது. பிடி மெலிந்தும் கீழே சுரைக்காய் மாதிரி பருத்தும் இருக்கும். எண்ணெயும் வேர்வையும் ஊறி ஊறி நன்றாகக் கறுத்துப் போயிருந்தது. செத்துப்போன என் மாமாவின் தலைமுடி அதில் ஒட்டியிருந்ததாகப் போலீஸ் சொன்னது, இருந்திருக்கலாம். அதே கட்டையால் என் அக்காவின் இரண்டு விரல்கள் ஒரு சமயம் நசுங்கின. நான்தான் தப்பை வைத்துக் கட்டினேன். அந்த விரல்கள் கடைசி வரை மடங்கவேயில்லை. கூண்டுக்குள் நின்று அவள் கைகூப்பியபோது அவை மட்டும் கம்பி மாதிரி நீட்டிக்கொண்டிருந்ததைப் பார்த்தேன். அட்டையில் அதைப் பற்றி ஒன்றும் எழுதியிருக்கவில்லை.

மாமா என்றால் அக்காவின் புருஷன். மர்பி டவுனில் சின்னவர் பெரியவர் எல்லோருக்கும் அவர் வஸ்தாது, குஸ்தி வாத்தியார். கண்டோன்மென்ட்டும் சிட்டியும் ஒரே பெங்களூராகிச் சில வருஷங்களே ஆகியிருந்தன. வெள்ளைக்காரப் பட்டாளம் போய்விட்டது. அவர்கள் பங்களாக்களில் சமையலுக்கும் தோட்டத்துக்கும் நின்ற எங்கள் ஜனங்கள் வேறு பிழைப்புத் தேடி அலைந்துகொண்டிருந்தார்கள். மாமா அலையவில்லை. அல்சூர்ப் பக்கம் ஒரு குஸ்திக் கூடம் வைத்திருந்தார். அங்கே செம்மண்ணில் புரண்ட பையன்கள் அவர் சொன்ன இடத்துக்குப் போவார்கள், சொன்ன ஆளை அடிப்பார்கள். குடியிருப்பவனைக் காலி செய்ய வைக்க வேண்டுமென்றாலும், சாராயக் கடையில் ஒரு தகராறு என்றாலும் வஸ்தாதுக்கு ஆள் வரும். பஜாரில் ஒரு பஸ் கண்டக்டர் மரியாதை இல்லாமல் பேசிவிட்டான் என்று, அவன் தலையைப் பிடித்து பஸ்ஸின் கைப்பிடிக் கம்பியிலேயே மோதிப் பல்லை உதிர்த்தார். பீட் போலீஸ்காரர் வந்து, பல்லைப் பொறுக்கிக்கொண்டு போகும்படி கண்டக்டரிடம்தான் சொன்னார்.

வாலிபத்தில் அவர் நிஜமான பைல்வான். நான் சின்னப் பெண்ணாக இருந்தபோது, அக்காவைப் பெண் கேட்டு வந்த அன்று, வாசற்படியில் தலையைக் குனிந்துகொண்டுதான் உள்ளே வந்தார். கல்யாணமாகிச் சில வருஷங்களில் முழங்கால் பிசகிக் குஸ்தி நின்றது. தீனி நிற்கவில்லை. விடிந்ததும் நெய் மிதக்கும் பாதாம்பால், மத்தியானமும் ராத்திரியும் கறி. ஆட்டுக் கொழுப்பை உருக்கிக் கிண்ணத்தில் தனியாக வைக்க வேண்டும்; அதைச் சோற்றில் குழி பறித்து ஊற்றிக்கொள்வார். அது ஆறி வெள்ளையாக உறைந்திருந்தால் கிண்ணம் அக்காவின் முகத்துக்குப் பறக்கும். அடிக்கும்போது அவர் சொல்லும் வார்த்தை ஒன்றே ஒன்றுதான். “கொழுப்புடி உனக்கு. கொழுப்ப அடக்குறேன் பாரு.” எலும்பும் தோலுமாக இருந்த என் அக்காவைப் பார்த்துச் சொல்வார்.

நான் அரசாங்க ஆஸ்பத்திரி ஒன்றில் நர்ஸ் வேலைக்குச் சேர்ந்த பிறகு அக்கா என்னைப் பார்க்கவென்று வருவது அனேகமாக வெளிநோயாளிகள் வரிசையில்தான். புருவம் கிழிந்து வருவாள், தோள்பட்டை இறங்கி வருவாள். “கெணத்தாண்ட வழுக்கிட்டேன்” என்பாள். வழுக்கி விழுந்தவளின் கழுத்தில் விரல் தடம் எப்படி வந்தது என்று எந்த டாக்டரும் கேட்டதில்லை. முதல் பிள்ளை ஏழு மாதத்தில் போனது. வயிற்றில் உதைத்திருந்தார். அந்தப் பிரசவ வார்டில் நான்தான் டியூட்டி. குழந்தையைத் துணியில் சுற்றி வெளியே கொண்டுவந்தபோது மாமா வராந்தாவில் சீடர்களோடு வெற்றிலை போட்டுக்கொண்டிருந்தார். “பையனா?” என்று கேட்டார். ஆமாம் என்றேன். திரும்பிக்கொண்டார்.

ஒரு தடவை அம்மா துணிந்து அக்காவை வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு வந்துவிட்டாள். மறுநாள் நடுமத்தியானம் மாமா வந்தார். கதவைத் தட்டவில்லை. தோளால் ஒரே இடி. கதவு தாழ்ப்பாளோடு உள்ளே விழுந்தது. அக்காவின் தலைமுடியைக் கையில் சுருட்டித் தெருவில் இழுத்துக்கொண்டு போனார். குழாயடியில் தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்த பெண்கள் குடங்களை நகர்த்தி வழி விட்டார்கள். நடுவில் போய் விழுந்த அம்மாவை அவர் அடிக்கவில்லை. காலால் ஒதுக்கினார், அவ்வளவுதான். அதற்கப்புறம் அக்கா எங்கள் வீட்டுக்கு வரவேயில்லை. இரண்டாவதாக ஒரு பையன் பிறந்து, தப்பிப் பிழைத்து, ஓடியாடும் வயதுக்கு வந்தான். அவன் சத்தம் போட்டு அழுது நான் கேட்டதில்லை. அப்பா வீட்டில் இருந்தால் கட்டிலடியில் போய்ப் படுத்துக்கொள்வான்.

அந்த ஞாயிற்றுக்கிழமை எனக்குக் காலை டியூட்டி. முடித்துவிட்டு, பையனுக்கு ஒரு பன் வாங்கிக்கொண்டு அக்கா வீட்டுக்குப் போனேன். தெருமுனையில் போகும்போதே அவர் குரல் கேட்டது. வாசலைத் தாண்டி உள்ளே நுழைந்தபோது கூடத்துக் கட்டில் கவிழ்ந்து கிடந்தது, சுவரில் ரத்தம் தெறித்திருந்தது. பிறகு அக்கா சொல்லி நான் தெரிந்துகொண்டது இது: மாமா முந்தின நாளிலிருந்தே சரியில்லை. அன்றைக்கு எழுந்து கட்டிலில் சாய்ந்திருந்தார். பையன் கோலிக்குண்டைத் துரத்திக்கொண்டு ஓடிவந்தவன், தடுக்கி அவர் மார்பின் மேலேயே போய் விழுந்தான். அவர் ஒரு மாதிரி கத்தினாராம், அடிபட்ட மாடு மாதிரி. அப்புறம் பையனின் காலைப் பிடித்துத் தூக்கி, துணியை உதறுவது போலச் சுவரில் ஒரு அடி.

நான் கொல்லைப்பக்கம் ஓடினேன். நாலு குடித்தனத்துக்கும் பொதுவான கிணறு அது. மாமா பையனை ஒற்றைக் காலில் தலைகீழாகத் தொங்கவிட்டபடி கிணற்றை நோக்கிப் போய்க்கொண்டிருந்தார். பையனின் மூக்கிலிருந்து வந்த ரத்தம் மேல்நோக்கிக் கண்ணுக்குள் வழிந்துகொண்டிருந்தது. அக்கா அவர் இடுப்பைக் கட்டிக்கொண்டு பின்னாலேயே இழுபட்டாள். அவர் முழங்கையால் அவள் வாயில் இடித்தார். “கெணத்துல போட்டாத்தான்டி ரெண்டு பேரு கொழுப்பும் அடங்கும்.” கிணற்றுச் சுவரின் மேல் பையனின் தலை தட்டியது. அக்கா பிடியை விட்டாள். விட்டுவிட்டு ஓடிவிட்டாள் என்றுதான் நினைத்தேன். கதவோரம் சாத்தியிருந்த கர்லாக்கட்டைகளில் சின்னதை இரண்டு கையாலும் தூக்கிக்கொண்டு திரும்பி வந்தாள். அவளுக்கு அது சுழற்ற வரவில்லை. உலக்கை போடுவது போலத் தலைக்கு மேலே தூக்கிப் போட்டாள்.

கட்டை அவர் காதுக்கு மேலே பட்டு வழுக்கித் தோளில் இறங்கியது. பையன் கைநழுவி வெளிப்பக்கம், ஈர மண்ணில் விழுந்தான். நான் போய் அள்ளிக்கொண்டேன். மாமா காதோரத்தைத் தொட்டுக் கையைப் பார்த்தார். “அடிச்சிட்டியா?” என்றார். கோபமே இல்லாத குரல். அவர் அப்படிப் பேசி அன்றைக்குத்தான் கேட்டேன். பிறகு அடிக்க ஆரம்பித்தார். வலது கையாலேயே அடித்தார். முதல் குத்திலேயே அக்கா விழுந்துவிட்டாள். விழுந்தவளை உதைத்தார். விலாவில் உதைத்தபோது ஓலை முறிகிற மாதிரி ஒரு சத்தம் எனக்குக் கேட்டது. மறுபடி காலைத் தூக்கினார். தூக்கிய கால் அப்படியே நின்றது. முகம் சாம்பல் பூசினாற்போல் ஆகி, நெற்றியிலிருந்து தண்ணீராக வேர்த்தது. வாயைத் திறந்தார், சத்தம் வரவில்லை. துணி துவைக்கிற கல்லின் மேல் முகம் குப்புற விழுந்தார். குடங்கள் உருண்டன. நான் போய் நாடியைப் பிடித்துப் பார்த்தேன். ஒன்றுமில்லை. அக்கா தரையில் கிடந்தபடியே, “செத்துட்டானா?” என்று கேட்டாள். ஆமாம் என்றேன். கண்ணை மூடிக்கொண்டாள்.

செய்தி குஸ்திக் கூடத்துக்குப் போக எவ்வளவு நேரம் ஆகும்? சீடர்கள் கும்பலாக வந்தார்கள். அக்காவை முடியைப் பிடித்து, அவர் ஒரு காலத்தில் இழுத்துப்போன அதே மாதிரி, தெருவுக்கு இழுத்தார்கள். பாத்திரம் பண்டம் எல்லாம் வெளியே பறந்தன. ஒருத்தன் அடுத்த வீட்டிலிருந்து மண்ணெண்ணெய் டின்னை எடுத்துவந்து அவள் மேல் கவிழ்த்தான். நெருப்புப் பெட்டியைக் கேட்டுக் கத்திக்கொண்டிருந்தபோது போலீஸ் வேன் வந்தது. தடியடி. தடியடியில் எங்களுக்கும் விழுந்தது. மண்ணெண்ணெய் சொட்டச் சொட்ட அக்காவை வேனில் ஏற்றினார்கள். அவள் ஏதோ சொல்ல வாயெடுத்தாள். “ஏய், சும்னிரு” என்று ஒரு போலீஸ்காரன் கன்னடத்தில் அதட்டிக் கன்னத்தில் அறைந்தான். ஸ்டேஷனிலும் அடித்தார்கள். மாமாவுக்குச் சலாம் போட்டுப் பழகிய கைகள் அவை. யார் சொல்லிச் செய்தாய், கள்ளப் புருஷன் யார் என்று கேட்டு உள்ளங்காலில் அடித்தார்கள். அவள் ஒரே பதிலைத்தான் திரும்பத் திரும்பச் சொல்லியிருக்கிறாள். “நான்தான் அடிச்சேன். சாவட்டும்னுதான் அடிச்சேன்.”

ஜெயிலில் நானும் வக்கீலும் அவளைப் பார்க்கப் போனோம். ஏழைகளுக்கென்று கோர்ட்டே ஏற்பாடு செய்துகொடுத்த வக்கீல், சின்ன வயதுக்காரர். அக்காவின் முகத்தில் வீக்கம் வடிந்திருந்தது. நான் பார்த்த வருஷங்களிலெல்லாம் அவள் கண்ணுக்குக் கீழே இருந்த கறுப்பும் குறைந்திருந்தது. “நல்லா தூங்குறேன்டி” என்றாள் என்னிடம். “இங்க யாரும் எழுப்பி அடிக்கறதில்ல.” வக்கீல் தயங்கித் தயங்கி, பயமுறுத்துவதற்காகத்தான் கட்டையை எடுத்தேன் என்று சொல்லச் சொன்னார். “பயமுறுத்தவா?” என்றாள் அக்கா. “சாவட்டும்னு அடிச்சேன் சார். புள்ளய கெணத்துல போடறவன அப்புறம் எப்படி அடிக்கறது?” வக்கீல் கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டார். தூக்கு என்ற வார்த்தையை அவர் அக்காவுக்கு முன்னால் சொல்லவில்லை. வெளியே வந்தபின் என்னிடம் சொன்னார்.

அப்போது எங்களுக்குப் பிரேதப் பரிசோதனையைப் பற்றி ஒன்றும் தெரியாது. உடலை அறுத்துப் பார்த்த போலீஸ் சர்ஜன் நான் வேலை பார்த்த ஆஸ்பத்திரிக்காரர் அல்ல. உயரமான, சிரிக்கவே சிரிக்காத கன்னடக்காரர். சாட்சிக் கூண்டில் ஏறியதும் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு, இங்கிலீஷில் நிதானமாகப் பேசினார். குற்றவாளிக் கூண்டில் இருப்பவளுக்குப் புரிய வேண்டுமென்று நீதிபதி சொன்னதால் கோர்ட்டு குமாஸ்தா ஒவ்வொன்றையும் தமிழில் திருப்பிச் சொன்னார். தலைக் காயம் தோலோடு சரி. மண்டையோடு உடையவில்லை, மூளையில் ரத்தக்கசிவு இல்லை. தோளில் கன்றிப்போன தடம். இந்தக் காயங்களால் மனிதன் சாக மாட்டான். சாவுக்குக் காரணம் இதயம்.

சர்க்கார் வக்கீல் எழுந்து, இதயத்தில் என்ன என்று கேட்டார். நெஞ்சுக்கூட்டைத் திறந்து, இதயத்தின் உறையைக் கிழித்தபோது சிவப்புத் தசையே கண்ணில் படவில்லை என்றார் சர்ஜன். மஞ்சள் கொழுப்பு விரல் கனத்துக்குச் சுற்றிலும் மூடியிருந்தது. ஓரங்களில் தசைக்குள்ளேயும் இறங்கியிருந்தது. அந்தக் கொழுப்புக்குள் புதைந்து ஓடும் ரத்தக்குழாய்களைக் கத்தியால் வெட்டும்போது முட்டை ஓட்டை நறுக்குவது போல நறநறவென்றது. முன்பக்கத்துப் பெரிய குழாயில் ரத்தம் உறைந்து அடைத்திருந்தது. குமாஸ்தா இதையெல்லாம் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, அக்கா பக்கம் திரும்பிச் சுருக்கமாக, “வஸ்தாதுக்கு நெஞ்சைச் சுத்தி ஒரே கொழுப்பாம்மா” என்றார்.

பின்பெஞ்சில் யாரோ சிரித்துவிட்டார்கள். சிரிப்பு பரவியது. குமாஸ்தா என்ன சொன்னோம் என்று புரிந்து நாக்கைக் கடித்துக்கொண்டார். சீடர்களில் ஒருத்தன் பெஞ்சைத் தாண்டிக் குதித்து, “யாருக்குடா கொழுப்பு, எங்க வஸ்தாதுக்கா?” என்று கேட்டபடி குமாஸ்தாவின் சட்டையைப் பிடித்தான். தடுக்கப் போன கோர்ட்டு டவாலிச் சேவகரின் பல் உதட்டில் ஏறி ரத்தம் வந்தது. நாலு போலீஸ்காரர்கள் சேர்ந்து அவனைத் தரையோடு இழுத்து வெளியேற்றினார்கள். அந்த அமளியில் நான் அக்காவையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவள் சிரிக்கவில்லை. சர்ஜனை முறைத்துக்கொண்டு நின்றாள்.

அமைதியானதும் சர்க்கார் வக்கீல் விடவில்லை. பைல்வான் உடம்பு, தின்ற உடம்பு, கொழுப்பு இருக்கத்தானே செய்யும் என்றார். சர்ஜன் தலையாட்டினார். கொஞ்சம் கொழுப்பு எல்லோருடைய இதயத்தின் மேலும் உண்டு. உடம்பை வெளியிலிருந்து பார்த்து உள்ளே எவ்வளவு என்று சொல்ல முடியாது. ஒல்லியான ஆட்களின் நெஞ்சைத் திறந்தும் இவ்வளவு பார்த்திருக்கிறேன். இப்படி அதிகமாகச் சேர்ந்த இதயங்களில் குழாய் அடைப்பையும் கூடவே அடிக்கடி பார்க்கிறேன். அதுதான் இதைச் செய்கிறதா என்றால் எனக்குத் தெரியாது, என்றார். சரி, இருக்கட்டும், அந்தப் பெண் அடித்த அடியின் அதிர்ச்சியில்தானே அந்த இதயம் நின்றது என்று கேட்டார் வக்கீல். இல்லை என்றார் சர்ஜன். அடைப்புக்குக் கீழே இருந்த தசை ஏற்கெனவே வெளுத்து, தொட்டால் கொழகொழவென்று செத்துப் போயிருந்தது. ஒரு நிமிஷத்திலோ ஒரு மணி நேரத்திலோ தசை அப்படி ஆகாது. முந்தின நாளே மாரடைப்பு வந்துவிட்டது. அந்த நிலையில் அவர் படுக்கையில் அசையாமல் கிடந்திருக்க வேண்டும்.

நீதிபதி முதன்முறையாகப் பேனாவைக் கீழே வைத்தார். “அசைந்தால்?” என்றார். “அசைந்தால் என்ன, அவர் எழுந்து குழந்தையைத் தூக்கிச் சுவரில் அடித்திருக்கிறார். இந்தப் பெண்ணின் விலா எலும்பு மூன்றை உதைத்தே ஒடித்திருக்கிறார். ஜெயில் டாக்டரின் சர்ட்டிபிகேட் இருக்கிறது. அந்த இதயத்தோடு அவ்வளவு வேலை செய்ததே அவரைக் கொல்லப் போதும்” என்றார் சர்ஜன். குமாஸ்தா இதையும் தமிழில் திருப்பிச் சொன்னார்.

அதற்குப் பிறகு நீதிபதி அக்காவிடம், முந்தின நாள் உன் புருஷனுக்கு உடம்பு எப்படி இருந்தது என்று கேட்டார். அதுவரை அதை அவளிடம் யாருமே கேட்டிருக்கவில்லை. நானும் கேட்டிருக்கவில்லை. “வாயுன்னாருங்க” என்றாள். “எடது கைய தேச்சுக்கினே இருந்தாரு. தாடை இழுக்குதுன்னாரு. சோடா குடிச்சும் ஏப்பம் வரலன்னு சோடாக்காரன அடிச்சாரு.” சோடாக் கடைக்காரர் ஏற்கெனவே போலீஸ் தரப்புச் சாட்சியாக வந்து போனவர். வஸ்தாது சனிக்கிழமை நெஞ்சை அடைக்கிறது என்று வந்து வரிசையாகச் சோடா குடித்ததையும், பாட்டிலால் தன்னைத் தாக்கியதையும் அவரே சொல்லியிருந்தார், அது எதற்கு உதவும் என்று தெரியாமல். நீதிபதி அக்காவிடம், டாக்டரைக் கூப்பிடவில்லையா என்றார். “கூப்பிடட்டான்னேன். வாய்லயே ஒன்னு வெச்சாரு.” நான் அப்போதுதான் யோசித்தேன். கிணற்றடியில் அவர் ஏன் வலது கையால் மட்டும் அடித்தார் என்று.

கொலை இல்லை என்று தீர்ப்பானது. பெற்ற பிள்ளையின் உயிரைக் காப்பாற்ற அடித்த அடி குற்றமும் இல்லை என்றார் நீதிபதி. அம்மா கோர்ட்டு வராந்தாவிலேயே தரையில் விழுந்து கும்பிட்டாள். வெளியே மரத்தடியில் சீடர்கள் காத்திருந்தார்கள். கல் வந்தது. என் புருவத்துக்கு மேலே இருக்கும் தழும்பு அன்றைக்கு விழுந்தது. வக்கீல் தன் கறுப்புக் கோட்டைக் கழற்றிப் பையன் தலைக்கு மேல் விரித்துப் பிடித்துக்கொண்டு ஜட்காவில் ஏற்றிவிட்டார். அவர் முதுகிலும் கல் விழுந்தது, திரும்பிப் பார்க்கவில்லை. ஜட்கா நகர்ந்ததும் அக்கா சொன்னது எனக்கு இன்னும் காதிலேயே இருக்கிறது. “அந்த டாக்டரு யாருடி, நான் அடிச்சது படலன்னு சொல்ல?”

மர்பி டவுனில் இருக்க முடியவில்லை. ஊரின் வேறொரு பக்கம், ஆடுகோடியில், பட்டறைகளுக்குப் பின்னால் ஒரு ஓட்டு வீடு பிடித்தோம். அக்கா ஒரு பட்டறையில் பித்தளைச் சாமான்களுக்கு மெருகேற்றும் வேலைக்குப் போனாள். நான் கல்யாணம் செய்துகொள்ளவில்லை; என் சம்பளமும் அவள் சம்பளமும் சேர்ந்து பையனைப் படிக்க வைத்தன. பழைய தெருவிலிருந்து எப்போதாவது யாராவது வருவார்கள். அவர்கள் காபியைக் குடித்துவிட்டுச் சொல்வது ஒன்றுதான். பாவம், நீ இன்னும் ரெண்டு நாள் பொறுத்திருந்தால் தானாகவே போயிருப்பான், உனக்கும் இந்தக் கெட்ட பேர் வந்திருக்காது. அக்கா டம்ளரை வாங்கி வைப்பாள். “ரெண்டு நாளு நான் பொறுப்பேன். அந்த ரெண்டு நாளு புள்ள இருந்திருக்குமா?” என்பாள். வந்தவர்கள் எழுந்து போய்விடுவார்கள்.

ஆனால் சர்ஜனின் வார்த்தை அவளை விடவில்லை. ஜெயிலில் அடித்துப் போட்டாற்போலத் தூங்கியவள் ஆடுகோடிக்கு வந்தபின் சரியாகத் தூங்கவில்லை. ஒரு நாள் கறிக்கடையில், ஆட்டின் சிறுநீரகத்தின் மேல் வெள்ளையாகச் சுற்றியிருந்த கொழுப்பைக் கடைக்காரன் அறுத்துத் தனியே வைப்பதைப் பார்த்துக்கொண்டே நின்றாள். “இத்த உருக்கி உருக்கி ஊத்தினது நான்தானே. அப்போ நான்தான்டி கொன்னேன், எப்படிப் பார்த்தாலும்” என்றாள். கறிக்கொழுப்பைத் தின்றவர்களெல்லாம் சாவதில்லை, புகையிலை இருந்தது, சாராயம் இருந்தது, பிறவியிலேயே சில உடம்புகள் அப்படி என்று நர்ஸாக எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன். அவளுக்கு அது வேண்டியிருக்கவில்லை. அவளை அத்தனை வருஷம் அடித்தவன், கடைசியில் அவள் கைக்குத் தப்பி, வியாதியில் போய்விட்டான் என்று நாலு பேர் நடுவில் எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டார்கள். அதை அவள் ஒப்புக்கொள்ளவில்லை. பையன் வளர்ந்து, பள்ளிக்கூடத்தில் யாரோ சொல்லி, அப்பா எப்படிச் செத்தார் என்று கேட்டபோது, பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தவள் நிமிர்ந்து, “நான் அடிச்சு செத்தான்” என்றாள். அவன், “எனக்கு ஞாபகம் இருக்கு” என்றான். அவன் அன்றிலிருந்து அவள் முந்தானையைப் பிடிக்கும் சின்னப் பிள்ளை மாதிரி, அவள் சொல் தாண்டாமல் இருந்தான்.

அவன் அப்பாவின் உடல்வாகுகூட அவனுக்கு வரவில்லை. மெலிந்த ஆள். கறி தொட மாட்டான், குடிக்க மாட்டான். அவனும் அவன் பெண்சாதியும் சண்டை போட்டால் அவன்தான் வாசலில் போய் நின்றுகொள்வான். அவனுக்கு ஐம்பது தாண்டிச் சில வருஷங்களில், விவேக் நகரில் பஸ்ஸுக்கு ஓடியபோது மார்பு இறுகியது. டாக்டரிடம் போனோம், அக்காவும் நானும் கூடவே. இரண்டு கிழவிகளையும் வெளியே உட்காரும்படி நர்ஸ் சொல்லிப் பார்த்தாள், அக்கா உட்காரவில்லை. டாக்டர் இளம்பெண். ஸ்கேன் படத்தைத் திரையில் காட்டி, ரத்தக்குழாய் ஒன்று சுருங்கியிருக்கிறது, இதயத்தைச் சுற்றிக் கொழுப்பும் கூடுதலாக இருக்கிறது என்றாள். “நான் ஒல்லிதானே டாக்டர்” என்றான் அவன். “ஒல்லியா இருக்கறவங்களுக்கும் உள்ளே சேரும் சார். முன்னெல்லாம் அது சும்மா மேலே படிஞ்சு கிடக்குதுன்னு நினைச்சாங்க. அது ரத்தக்குழாயை ஒட்டியே இருக்கறதால குழாயையும் கெடுக்குதுன்னு இப்ப சொல்றாங்க” என்றாள். திரையில் அந்தச் சின்ன இதயம் துடித்துக்கொண்டிருந்தது. அக்கா கிட்டே போய்ப் பார்த்தாள்.

டாக்டர் கம்ப்யூட்டரில் தட்டியபடியே கேட்டாள். “அப்பாவுக்கு ஹார்ட் ப்ராப்ளம் இருந்துச்சா? எப்படி இறந்தாரு?”

அவன் அம்மாவைப் பார்க்கவில்லை. “ஆக்சிடென்ட் டாக்டர்” என்றான். “நான் சின்னப் பையன் அப்போ.”

டாக்டர் அதைத் தட்டத் தொடங்கினாள். அக்கா மேசையின் மேல் கையை வைத்தாள்.

“ஆக்சிடென்ட் இல்லம்மா. அவங்கப்பனுக்கும் நெஞ்சுதான். நாப்பது வயசுகூட ஆவல. வெட்டிப் பார்த்த டாக்டரே கோர்ட்டுல சொன்னாரு. நெஞ்சைச் சுத்திக் கொழுப்பு, உள்ள அடைப்பு. எழுதிக்கோ.”

டாக்டர் திரும்பி உட்கார்ந்து, அவ்வளவு சின்ன வயதிலா என்று கேட்டாள். ஆமாம் என்றாள் அக்கா. டாக்டர் அதற்குப் பிறகு இன்னும் சில பரிசோதனைகள் எழுதினாள். தள்ளிப்போட வேண்டாம், இந்த வாரமே பார்த்துவிடலாம் என்றாள். அந்த வாரமே குழாயில் கம்பிவலை வைத்தார்கள். அவன் இப்போது நன்றாக இருக்கிறான். அக்கா போய்ச் சில வருஷங்கள் ஆகின்றன.

அன்று டாக்டரைப் பார்த்துவிட்டு ஆட்டோவில் திரும்பினோம். அவன் நடுவில் உட்கார்ந்திருந்தான். சிக்னலில் வண்டி நின்றபோது கேட்டான்.

“ஏம்மா, இத்தனை வருஷம் நீதான் அடிச்சேன்னு சொன்னியே. இன்னைக்கு ஏன் அப்படிச் சொன்னே?”

அக்கா வெளியே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“உனக்கு வைத்தியம் ஆவணுமில்ல” என்றாள்.